அகன்று, குறுகி, மீண்டும் அகன்ற ரிம்: மலைச் சைக்கிள் சக்கரத்தின் ஐம்பதாண்டு வரலாறு

சைக்கிள் சக்கரத்தின் வெளிவட்டமாக அமைந்து, உட்புறத்தில் ஸ்போக் கம்பிகளின் இழுவையையும் வெளிப்புறத்தில் டயரின் காற்றழுத்தத்தையும் ஒருசேரத் தாங்கும் வளையம் ரிம் எனப்படுகிறது. சாலையில் ஓடும் சைக்கிளுக்கு இது பெரும்பாலும் ஒருமுறை வாங்கி மறந்துவிடும் உறுப்பு. கிராஸ் கன்ட்ரி எனப்படும் மலைப்பாதைப் பந்தயத்திலோ வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் உறுப்புகளுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. காட்டுப்பாதை, பாறைப்படி, வேர்முடிச்சு, சேறு ஆகியவை நிறைந்த சுற்றுப்பாதையில் ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி வர, போட்டியாளர்கள் ஒன்றாகப் புறப்பட்டுப் பல சுற்றுகள் ஓடி முடிக்கும் பந்தயமே கிராஸ் கன்ட்ரி. இதற்கான முதல் அதிகாரபூர்வ உலகச் சாம்பியன் போட்டி 1990-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள டுராங்கோ நகரில் நடந்தது. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இப்பந்தயம் இடம்பெற்றது. ஏற்றத்தில் கனமான ரிம் ஓட்டுநரின் மூச்சைக் குடிக்கும். இறக்கத்தில் மெலிந்த ரிம் பாறையில் மோதி நசுங்கும். இவ்விரண்டு அச்சங்களில் எது எந்தக் காலத்தில் மேலோங்கியது என்பதைப் பொறுத்தே ரிம் தேர்வு மாறிவந்துள்ளது.

அம்மாற்றத்தின் போக்கை உணர, சக்கரம் எவ்வாறு எடை தாங்குகிறது என்பதை முதலில் அறிவது நல்லது. மாட்டுவண்டியின் ஆரக்கால் அச்சைக் கீழிருந்து முட்டுக்கொடுத்துத் தாங்குகிறது. சைக்கிளின் மெல்லிய கம்பிக்கு அவ்வாறு முட்டுக்கொடுக்கும் வலு இல்லை என்பதால், எல்லாக் கம்பிகளும் ஹப் எனப்படும் நடுக்குடத்துக்கும் ரிம்முக்கும் இடையே முன்கூட்டியே முறுக்கி இழுக்கப்பட்டுள்ளன. தரையைத் தொடும் பகுதியிலுள்ள கம்பிகளின் இழுவை ஓட்டுநரின் எடையால் சற்றுக் குறைகிறது, அவ்வளவே. அந்தக் குறைவின் வழியாகத்தான் சக்கரம் எடையைத் தாங்குகிறது. ஜாப்ஸ்ட் பிராண்ட் 1981-இல் வெளியிட்ட சைக்கிள் சக்கரம் பற்றிய நூல் இவ்விளக்கத்தைப் பரவலாக்கியது. 32 கம்பிகள் உள்ள சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியும் ஏறத்தாழ 100 கிலோ இழுவையில் இருப்பதாகக் கொண்டால், ரிம்மின் எந்த வெட்டுமுகத்திலும் 500 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட அமுக்கவிசை எப்போதும் இருந்துகொண்டே இருக்கும்; யாரும் ஏறி அமராமல் சுவரில் சாத்திவைத்த சைக்கிளிலும் ரிம் இந்த அமுக்கத்தைத் தாங்கியபடியே நிற்கிறது. கம்பிகளின் இழுவை சமன்குலையும்போதும், பாறை மோதி ரிம் வளையும்போதும், சக்கரம் பக்கவாட்டில் ஆடத் தொடங்குகிறது. சைக்கிள் கடைகளில் கோட்டம் என்று சொல்லப்படுவது இதுவே. கம்பிகளின் இழுவையைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் நிப்பிள்களைத் திருகி அதைச் சீராக்கும் கோட்டம் எடுக்கும் வேலை, இப்பந்தயங்களில் மெக்கானிக்கின் இரவு நேரப் பணியாக இருந்துவந்தது.

எடையைப் பற்றியும் ஒரு கணக்கைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ரிம் முன்னோக்கி நகர்வதோடு சுழலவும் செய்வதால், அதன் ஒரு கிராமை வேகம் பிடிக்கச் செய்வதற்குச் சைக்கிள் சட்டத்திலுள்ள ஒரு கிராமுக்குத் தேவைப்படும் ஆற்றலைப் போல ஏறத்தாழ இரு மடங்கு தேவைப்படுகிறது. வளைவுதோறும் வேகம் குறைந்து மீண்டும் முடுக்க வேண்டிய கிராஸ் கன்ட்ரிப் பந்தயத்தில் இது பொருட்படுத்தத்தக்க உண்மையே. ஆனால் சீரான வேகத்தில் மலையேறும்போது ரிம்மின் எடையும் மற்ற எடைகளைப் போன்றதுதான். இந்த இரண்டாம் பாதியை மறந்து, முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்திருந்ததன் விளைவை 1980-களின் நடுவிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இவ்விளையாட்டு அனுபவித்தது.

மலைச் சைக்கிளின் தொடக்கம் கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கேயுள்ள மாரின் வட்டாரத்தில் டமால்பையஸ் மலைச்சரிவுகளில் அமைந்தது. 1970-களில் அங்கிருந்த இளைஞர்கள், ஷ்வின் நிறுவனம் 1930-களிலும் 40-களிலும் விற்ற எக்செல்சியர் போன்ற பழைய சைக்கிள்களைத் தேடிப்பிடித்து மலையிறக்கத்துக்குப் பயன்படுத்தினர். பொருளாதாரப் பெருமந்தத்தில் அமெரிக்கச் சைக்கிள் தொழில் தளர்ந்திருந்த 1933-இல், குறைந்த காற்றழுத்தத்தில் ஓடும் 2.125 அங்குலத் தடிப்புள்ள பலூன் டயரை ஷ்வின் அறிமுகப்படுத்தியிருந்தது. சிறுவர்கள் நடைமேடை விளிம்புகளில் ஏற்றி இறக்கினாலும் தாங்க வேண்டும் என்று செய்யப்பட்ட அந்த 26 அங்குலச் சக்கரமே, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு புதிய விளையாட்டின் அளவுகோலாயிற்று. டயரின் ஓரம் அமரும் இடத்தில் ரிம்மின் விட்டம் 559 மில்லிமீட்டர். மலைப்பாதைக்கு எந்த விட்டம் ஏற்றது என்று எவரும் ஆராய்ந்து இந்த அளவைத் தேர்ந்தெடுக்கவில்லை. பழைய இரும்புக் குவியலில் கிடைத்தது அது. கிடைத்ததற்கு முரட்டு டயரும் கிடைத்தது. ஆகவே அது நிலைத்தது.

அந்தச் சைக்கிள்களில் எஸ்-2 என்ற பெயருடைய ஷ்வின் எஃகு ரிம் இருந்தது. அது அகலமானது, கனமானது, எளிதில் வளையாதது. 1976 அக்டோபர் 21-ஆம் நாள் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகில் முதன்முதலாக நடந்த ரீபேக் என்னும் இறக்கப் பந்தயத்தில் இத்தகைய சைக்கிள்களே ஓடின. ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில் 400 மீட்டர் அளவுக்குச் சரியும் அந்த மண்பாதையில், பெடலைப் பின்னோக்கி மிதித்தால் ஹப்புக்குள்ளேயே பிடிக்கும் பழைய பிரேக், சூடேறிக் கிரீஸைப் புகையாக்கிவிடும். ஓட்டம் முடிந்ததும் ஹப்பைப் பிரித்துக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததே பந்தயத்தின் பெயருக்குக் காரணம். இச்செய்தி பிரேக்கின் வரலாற்றில் வழக்கமாகச் சொல்லப்படுவது. ரிம்மின் வரலாற்றிலும் அதற்கு இடமுண்டு. தொடக்கநிலை மலைச் சைக்கிளில் பிரேக் ஹப்புக்குள் இருந்ததால், டயரைப் பிடித்துவைப்பதும் கம்பி இழுவையைத் தாங்குவதுமாகிய இரு வேலைகள் மட்டுமே ரிம்முக்கு இருந்தன. மூன்றாவது வேலை இனிமேல்தான் வந்து சேரவிருந்தது.

ஜோ பிரீஸ் 1977-இல் கட்டிய முதல் பிரீசர் சைக்கிள், மலைப்பாதைக்கென்றே புதிதாக வடிவமைக்கப்பட்ட சட்டத்தைக் கொண்டது. அதில் ரிம்மின் இருபுறமும் ரப்பர்க் கட்டைகள் அழுத்தும் கேன்டிலீவர் பிரேக் பொருத்தப்பட்டது. ரிம் மட்டும் இன்னும் எஃகாகவே இருந்தது. முலாம் பூசிய எஃகின் வழவழப்பான பரப்பில் ஈரம் பட்டால் ரப்பர்க் கட்டை வழுக்கும் என்பது மழைக்காலத்தில் சைக்கிள் ஓட்டிய எவரும் அறிந்தது. எனவே பிரேக் ரிம்முக்கு இடம்மாறியவுடன் அலுமினியம் ஒரு கட்டாயத் தேவையாயிற்று. எடை குறைவு என்பது அதன் இரண்டாவது நன்மைதான்.

சாலைப் பந்தயத்தில் அலுமினிய ரிம் அதற்கு முன்பே நாற்பது ஆண்டுகள் பழையது. பிரான்சின் மாவிக் நிறுவனம் டியூரலுமின் என்ற அலுமினியக் கலவையில் செய்த ரிம்மை 1934-ஆம் ஆண்டு டூர் து பிரான்சில் அந்தோனன் மான்யு பயன்படுத்தி வென்றார். போட்டியாளர்களுக்குத் தெரியாதிருக்கும்படி அது மரத்தின் நிறத்தில் வண்ணம் பூசப்பட்டிருந்தது என்று அந்நிறுவனத்தின் வரலாறு சொல்கிறது. அக்காலப் பந்தயங்களில் மர ரிம் அந்த அளவுக்கு இயல்பானதாக இருந்தது. ஆனால் சாலை ரிம்கள் குறுகியவை, விட்டத்தில் பெரியவை. 26 அங்குலத்தில் தடித்த டயருக்கு ஏற்ற அலுமினிய ரிம்மைச் செய்யும் தேவை எவருக்கும் எழுந்ததில்லை.

அத்தேவை எதிர்பாராத திசையிலிருந்து நிறைவேறியது. சிறுவர்கள் 20 அங்குலச் சைக்கிளில் மண்தடத்தில் ஓட்டும் பிஎம்எக்ஸ் பந்தயம் 1970-களில் அமெரிக்காவில் பெருகியபோது, அதற்கென ஜப்பானின் அராயா நிறுவனம் 7எக்ஸ் என்ற அகன்ற அலுமினிய ரிம்மைச் செய்தது. வயதில் சற்று மூத்தவர்கள் ஓட்டும் குரூசர் எனப்படும் பெரிய சைக்கிள்களுக்காக அதே ரிம் 26 அங்குலத்திலும் வந்தது. அராயாவின் பூர்விகம் சுவையானது: இஷிகாவா பகுதியில் அரக்குப் பூச்சு மரக்கலங்களுக்குப் பெயர்பெற்ற யாமனாகா என்ற ஊரில், 1903-இல் மர ரிம் செய்யும் தொழிலாக அது தொடங்கியது. மரத்தைக் கடைந்தும் வளைத்தும் பழகிய கைகளின் வழிவந்த நிறுவனமே, முக்கால் நூற்றாண்டுக்குப் பின் மாரின் மலைக்காரர்களுக்கு வேண்டிய ரிம்மைத் தந்தது. 1979-இல் சார்லி கெல்லியும் கேரி ஃபிஷரும், டாம் ரிச்சி கட்டிய சட்டங்களைக் கொண்டு மவுன்டன் பைக்ஸ் என்ற பெயரில் வணிகம் தொடங்கிய காலத்தில், எஃகு ரிம்முக்கு விடைகொடுக்கும் நிலை பிறந்திருந்தது. இறக்கத்துக்கு மட்டும் பயன்பட்ட, லாரியில் ஏற்றி மலையுச்சிக்குக் கொண்டுபோக வேண்டிய 20 கிலோ வண்டி, சொந்தக் காலால் மிதித்து மேலேற்றக்கூடிய வண்டியாக மாறியதில் அலுமினிய ரிம்மின் பங்கு மிகப் பெரிது. மேலேற முடிந்ததால்தான் கிராஸ் கன்ட்ரி என்ற பந்தயமே பிறந்தது.

இங்கிருந்து ரிம் குறுகத் தொடங்கியது. கலிபோர்னியாவின் சான்டா குரூஸில் சைக்கிள் கட்டிவந்த கீத் பான்ட்ரேகர், 1980-களின் நடுவில், சந்தையிலிருந்த மலைச் சைக்கிள் ரிம்கள் தேவைக்கு மேல் கனமாக இருப்பதாகக் கருதினார். மாவிக்கின் எம்ஏ40 என்ற சாலை ரிம்களை வாங்கி, ஒரு துண்டை வெட்டி நீக்கி, எஞ்சியதை உருளைகளுக்கிடையே செலுத்தி இன்னும் இறுக்கமாக வளைத்து, முனைகளை மீண்டும் இணைத்து 26 அங்குல ரிம்மாக்கினார். சாலை ரிம்மின் இருக்கை விட்டம் 622 மில்லிமீட்டர், மலைச் சைக்கிளுடையது 559. வேறுபாடு 63 மில்லிமீட்டர் என்பதால் சுற்றளவில் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீக்கப்பட வேண்டும். வளைவு மாறும்போது அலுமினியத்தின் பக்கச்சுவர் சுருங்கிப் புடைக்காமலும், இணைப்பில் படி தட்டாமலும் பார்த்துக்கொள்வது எளிய வேலை அன்று. படி தட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் பிரேக் கட்டை அங்கே ஒருமுறை இடறும். இவ்வாறு கையால் உருவான ரிம், இரட்டைச் சுவர்ப் பெட்டி போன்ற குறுக்குவெட்டு உடையதாக, எடை குறைந்தும் வலுக் குன்றாமலும் இருந்தது. வலு, எடைக்குறைவு, மலிவு ஆகிய மூன்றில் இரண்டை மட்டுமே ஒருவர் பெறமுடியும் என்று பான்ட்ரேகரின் பெயரோடு வழங்கிவரும் கூற்று, வெட்டி ஒட்டிய இந்த ரிம்மிலிருந்தே விளங்கிவிடுகிறது.

பான்ட்ரேகர் செய்தது சிறந்த பொறியியல். அதிலிருந்து மற்றவர்கள் கற்ற பாடம்தான் முழுமையற்றது. பெட்டிக் குறுக்குவெட்டு நல்லது என்ற பாடத்தோடு, சாலை ரிம்மின் குறுகிய அகலமும் நல்லது என்ற பாடம் சேர்ந்து வந்துவிட்டது. 1990-களின் பந்தயக்களத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த மாவிக் 217, 517 ஆகிய ரிம்களின் பெயரிலுள்ள 17 என்பது, டயர் அமரும் உள்ளகலம் 17 மில்லிமீட்டர் என்பதைக் குறிப்பது. 517-இன் எடை 400 கிராமையொட்டி இருந்தது. இணைப்பைப் பற்றவைத்து, பக்கச்சுவரைக் கடைசல் இயந்திரத்தில் சீராக்கி, கம்பித் துளைகளுக்குக் கண்ணிவளையம் பதித்து வந்த அந்த ரிம்கள் வேலைப்பாட்டில் குறைகாண முடியாதவை. ஆயினும் 2 அங்குல டயரை 17 மில்லிமீட்டர் அடித்தளத்தில் நிறுத்தும்போது, டயர் கழுத்தில் ஒடுங்கி மேலே உப்பி நிற்கிறது. காற்றைக் குறைத்தால் வளைவில் அது பக்கவாட்டில் சாய்ந்து நெளிகிறது; நெளியாதிருக்கக் காற்றைக் கூட்டினால், கல்லில் பட்டுத் துள்ளிப் பிடிப்பை இழக்கிறது. அக்கால ஓட்டுநர்கள் 40 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்றடைத்து ஓட்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

உயர்ந்த காற்றழுத்தத்துக்கு இன்னொரு காரணம் டியூப். கூரான கல்லில் சக்கரம் இடிக்கும்போது டயர் முழுவதும் அமுங்கி, கல்லுக்கும் ரிம்மின் இரு விளிம்புகளுக்கும் இடையே டியூப் நசுங்கி, பக்கத்துப்பக்கத்தில் இரண்டு துளைகள் விழும். ஓட்டுநர்கள் இதைப் பாம்புக்கடி என்பர். பஞ்சர் ஒட்ட வழியில்லாத மலைப்பாதையில் இதற்கு அஞ்சியே காற்று கூட்டப்பட்டது.

பிரேக்கின் சுமை ரிம்மை எவ்வாறு தின்றது என்பது தனியே சொல்லத்தக்கது. சேற்றில் ஓடும் சக்கரத்தில் குருணை மணல் பிரேக் கட்டையின் ரப்பரில் பதிந்து, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அலுமினியச் சுவரைச் சுரண்டும். தட்டையாக இருந்த சுவர் நாளடைவில் உட்குழியும்; எஃகு அளவுகோலின் விளிம்பை அதன்மீது வைத்துப் பார்த்தால், நடுவில் ஒளி தெரியும் இடைவெளி தேய்வின் ஆழத்தைக் காட்டும். சுவர் மிக மெலிந்த நிலையில், டயரின் காற்று உள்ளிருந்து தள்ள, ரிம்மின் விளிம்பு ஒரு நாடாவைப் போலப் பிளந்து வெளியே வரும். இதைத் தவிர்க்கச் சுவரைத் தடிப்பாக்கினால் எடை கூடியது. 1996-இல் ஷிமானோ வெளியிட்ட வி-பிரேக், நீண்ட கைகளால் பிடிப்பு விசையைப் பெருக்கித் தேய்வையும் விரைவாக்கியது. ரிம்மின் பக்கச்சுவர்மீது பீங்கான் பூச்சுப் பூசி மாவிக் இந்தத் தேய்வுக்கு விடை கண்டது. ஈரத்திலும் நன்கு பிடித்த அந்தப் பூச்சு, விலையால் பெரும்பாலோருக்கு எட்டாததாக இருந்தது. மேலும், ரிம் பிரேக் உள்ள சக்கரத்தில் ஓரிரு மில்லிமீட்டர் கோட்டம் விழுந்தாலே கட்டை உரசும் என்பதால், பாறையில் ஓர் இடி வாங்கிய ஓட்டுநர் மீதி ஓட்டம் முழுவதும் தன் சொந்த பிரேக்கை எதிர்த்தே மிதிக்க நேர்ந்தது.

இக்காலத்தின் துணிச்சலான கிளைவழி ஒன்றையும் இங்கே குறிப்பிடலாம். 1990-ஐ ஒட்டி அமெரிக்க வீரர் ஜான் டோமாக் பின்சக்கரத்தில் டியோகா டிஸ்க் டிரைவ் என்ற சக்கரத்தைப் பயன்படுத்தினார். அதில் எஃகுக் கம்பிகளுக்குப் பதிலாகக் கெவ்லார் இழைகள் மெல்லிய நெகிழித் தகட்டில் பதிந்து, ஹப்பையும் ரிம்மையும் இணைத்தன. மேளம் போன்ற ஓசையோடு காட்டுப்பாதையில் உருண்ட அச்சக்கரம் தொழிலின் திசையை மாற்றவில்லை.

திசையை உண்மையில் மாற்றியது டிஸ்க் பிரேக். ஹப்பில் பொருத்திய எஃகுத் தட்டைப் பிடிக்கும் இந்த பிரேக், 1990-களின் இறுதியிலிருந்து மலைச் சைக்கிள்களில் பரவி, 2000-களில் கிராஸ் கன்ட்ரிப் பந்தயத்தையும் முழுமையாகக் கைப்பற்றியது. ரீபேக் காலத்தைப் போலப் பிரேக் மீண்டும் நடுக்குடத்துக்குத் திரும்ப, ரிம் தன் மூன்றாவது வேலையிலிருந்து விடுபட்டது. பக்கச்சுவர் தட்டையாகவோ, இணையாகவோ, தேய்வுக்கு இடம்விட்டுத் தடிப்பாகவோ இருக்க வேண்டிய கட்டாயம் மறைந்தது. அவ்வாறு மிச்சமான உலோகத்தை அகலத்துக்குச் செலவிடலாம் என்ற வாய்ப்பு பிறந்தது. அதே வேளையில் ஹப்பில் பிறக்கும் பிரேக் முறுக்கைக் கம்பிகள்தான் ரிம்முக்குக் கடத்த வேண்டும் என்பதாலும், தட்டுக்கு இடம்விட முன்சக்கரத்தின் கம்பிகளும் ஒருபக்கம் செங்குத்தாக நிற்க வேண்டியிருந்ததாலும், இருபுறத்துக் கம்பி இழுவைகளும் சமமற்றுப் போயின. துளைகளை நடுக்கோட்டிலிருந்து ஒருபுறம் தள்ளிப் போடும் சமச்சீரற்ற ரிம்கள் இக்குறைக்கு மருந்தாயின. பின்சக்கரத்துக்கு இம்முறையை ரிச்சியும் பான்ட்ரேகரும் முன்னரே கையாண்டிருந்தனர்.

டிஸ்க் பிரேக் தந்த விடுதலையைப் பயன்படுத்திக்கொள்ள வழிசெய்தது டியூப் இல்லாத டயர். 1999-இல் மாவிக், டயர் நிறுவனங்களான மிஷெலின், ஹட்சின்சன் ஆகியவற்றோடு சேர்ந்து யுஎஸ்டி என்ற முறையை வெளியிட்டது. அதன் ரிம்மில் டயர் பக்கத்துச் சுவரில் கம்பித் துளைகளே இல்லை. டயரின் ஓரம் உள்ளே நழுவாதபடி இருபுறமும் ஒரு மேடு எழுப்பப்பட்டிருந்தது. காற்றுப்புகா இருக்கையும் அதற்கேற்ற தடித்த டயரும் சேர்ந்து மிக நம்பகமாக இயங்கின. ஆனால் டயரின் எடை கூடியது. அமெரிக்காவில் ஸ்டான் கோசியாடெக் வேறு வழியில் சென்றார். சாதாரண ரிம்மின் துளைகளைப் பட்டையால் மூடி, ரப்பர்ப்பால் கலந்த திரவத்தை டயருக்குள் ஊற்றி, சிறு துளைகளை அது தானே அடைத்துக்கொள்ளும்படி செய்தார். பின்னர் நோட்யூப்ஸ் என்ற தம் நிறுவனத்தின் வழியே, விளிம்பு உயரத்தைக் குறைத்து, சாதாரண எடை குறைந்த டயரும் இறுகப் பொருந்தும் வடிவில் தனி ரிம்களையே வெளியிட்டார். விளிம்பின் உயரம் குறைந்ததால் ரிம்மின் எடையும் குறைந்தது, டயரின் காற்றறையும் சற்றுப் பெருகியது. ரிம் வரலாற்றில் எளிமையான, அதேசமயம் ஆழமான சிந்தனைகளுள் இது ஒன்று. டயரைக் கவனித்துப் பார்த்து ரிம்மை வரைந்தவர்கள் அதற்கு முன் மிகச் சிலரே.

டியூப் மறைந்ததும் பாம்புக்கடியும் மறைந்தது. காற்றழுத்தம் படிப்படியாக இறங்கி 20 பிஎஸ்ஐ அளவை எட்டியது. அப்போதுதான் குறுகிய ரிம்மின் குறை மறைக்க முடியாததாயிற்று. ஆயினும் தொழிலின் கவனம் அதற்குள் அகலத்தைவிட்டு விட்டத்தின்மீது திரும்பியிருந்தது. வில்டர்னஸ் டிரெயில் பைக்ஸ் நிறுவனம் 1999-இல் 622 மில்லிமீட்டர் ரிம்முக்கு நானோராப்டர் என்ற 2.1 அங்குல மலை டயரைச் செய்ததிலிருந்து, சாலைச் சைக்கிளின் விட்டமே 29 அங்குலம் என்ற புதுப்பெயரோடு மலையேறியது. பெரிய சக்கரம் கல்லையும் வேரையும் தாழ்ந்த கோணத்தில் அணுகி எளிதில் உருண்டு கடக்கிறது. ஆனால் ஒரே குறுக்குவெட்டில் செய்தால் 622 ரிம் 559-ஐவிட 11 விழுக்காடு கனமானது. கம்பிகளும் நீள்வதால் பக்கவாட்டு விறைப்புக் குறைகிறது. எடைக்கு அஞ்சிய ஐரோப்பியப் பந்தய அணிகள் பத்தாண்டுகள் தயங்கி நின்றன. செக் வீரர் யாரோஸ்லாவ் குல்ஹாவி 2011-இல் சுவிட்சர்லாந்தின் சாம்பெரியில் 29 அங்குலச் சக்கரத்தில் உலகச் சாம்பியனான பின் அத்தயக்கம் கரைந்தது.

சுவிஸ் வீரர் நினோ ஷூர்ட்டர், பிரெஞ்சுச் சுற்றுலாச் சைக்கிள்களின் பழைய அளவான 584 மில்லிமீட்டர் ரிம்மை, 27.5 அங்குலம் என்ற பெயரில், இடைவழியாகத் தேர்ந்தார். 2012-இல் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உலகக்கோப்பைப் பந்தயத்தில் அதில் வென்றும் காட்டினார். அதே ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில், எசெக்ஸ் பகுதியின் ஹாட்லி பண்ணைத் தடத்தில், 29 அங்குலத்தில் வந்த குல்ஹாவி 27.5 அங்குலத்தில் வந்த ஷூர்ட்டரை ஒரே ஒரு நொடியில் முந்தித் தங்கம் வென்றார். ஒன்றரை மணி நேரத்துக்கு நெருங்கிய ஓட்டத்தில் ஒரு நொடி வேறுபாட்டை ரிம்மின் விட்டத்தோடு மட்டும் கட்டிவிடுவது நேர்மையாகாது; இருவரின் கால்களும் அன்று ஏறத்தாழ சமமாக இருந்தன என்பதையே அது காட்டுகிறது. சந்தை அவ்வாறு எண்ணிப் பார்க்கவில்லை. 26 அங்குலம் ஓரிரு ஆண்டுகளில் பந்தயத்திலிருந்து மறைந்தது. சில ஆண்டுகளில் ஷூர்ட்டரும் 29-க்கே மாறினார்.

விட்டத்தின் சண்டை ஓய்ந்தபின் அகலம் மீண்டும் கவனம் பெற்றது. 17 மில்லிமீட்டராக இருந்த உள்ளகலம் 19, 21, 25 என்று வளர்ந்து, இன்றைய கிராஸ் கன்ட்ரி ரிம்களில் 28 முதல் 30 மில்லிமீட்டர் வரை வந்து நிற்கிறது. டயரும் 2 அங்குலத்திலிருந்து 2.4 அங்குலத்துக்குத் தடித்துள்ளது. அகன்ற அடித்தளத்தில் டயரின் பக்கச்சுவர் செங்குத்தாக நின்று, குறைந்த காற்றிலும் வளைவில் சாயாமல் பிடித்துக்கொள்கிறது. மாரின் மலைக்காரர்கள் பழைய இரும்புக்கடையில் கண்டெடுத்த எஸ்-2 ரிம்மும், பிஎம்எக்ஸ் வழியே வந்த 7எக்ஸ் ரிம்மும் அகலத்தில் சரியான பாதையிலேயே இருந்தன. தராசு முள்ளை மட்டும் நோக்கிய இருபது ஆண்டுகள்தான் இவ்விளையாட்டை அப்பாதையிலிருந்து விலக்கின. நல்ல ஓட்டுநர்கள் எத்தனை பேர், தங்கள் திறமைக்குறைவால் வழுக்கினோம் என்று நம்பியபடி அக்குறுகிய ரிம்களில் விழுந்து எழுந்தார்கள் என்று எண்ணும்போது வருத்தமே மிஞ்சுகிறது.

அகலமும் எடைக்குறைவும் ஒருங்கே வாய்க்க உதவியது கார்பன் இழை. பிசினில் தோய்ந்த இழைத் தாள்களை அச்சில் அடுக்கிச் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுகவைத்துச் செய்யும் இந்த ரிம்மில், வலு வேண்டிய இடத்தில் தாளைக் கூட்டவும் வேண்டாத இடத்தில் குறைக்கவும் முடிகிறது; ஒரே குறுக்குவெட்டாக அச்சுத்துளை வழியே பிதுக்கி எடுக்கப்படும் அலுமினியத்துக்கு அந்த வசதி இல்லை. உயர்ந்த காற்றழுத்தத்தில் டயரைப் பிடித்துவைக்கத் தேவைப்பட்ட உட்கொக்கி விளிம்பும், 20 பிஎஸ்ஐயில் தேவையற்றதாகிப் பல ரிம்களில் நீக்கப்பட்டுள்ளது. கொக்கி இல்லாத விளிம்பை அச்சிலிருந்து எடுப்பதும் எளிது. அதை மழுங்கலாகவும் தடிப்பாகவும் விட்டால், கல்லில் இடிக்கும்போது டயரை அது வெட்டுவதும் குறைகிறது. கார்பனின் குறை அதன் உடையும் தன்மையில் உள்ளது. அலுமினியம் நசுங்கும், நசுங்கியதைக் குறடால் ஓரளவு நிமிர்த்தி, கோட்டம் எடுத்து, வீடு வந்து சேரலாம். கார்பன் ஓர் எல்லை வரை எந்த அடையாளமும் காட்டாமல் தாங்கி, எல்லை தாண்டியதும் விரிசல் விடுகிறது.

ரிம்மைத் தனியே தேர்ந்து, ஹப்பைத் தனியே தேர்ந்து, கம்பி கோத்துச் சக்கரம் கட்டும் வழக்கமும் உயர்நிலைப் பந்தயத்தில் அருகிவருகிறது. மாவிக்கின் கிராஸ்மேக்ஸ் 1990-களின் பிற்பகுதியில் தொழிற்சாலையிலேயே கட்டிய முழுச் சக்கரமாக வந்ததிலிருந்து தொடங்கிய அப்போக்கு, 2018-இல் வெளிவந்த சின்க்ராஸ் சில்வர்டன் எஸ்எல் சக்கரத்தில் உச்சத்தைத் தொட்டது. அதில் ரிம்மும் கம்பிகளும் ஹப்பின் உடலும் ஒரே கார்பன் வார்ப்பு. திருகுவதற்கு நிப்பிளே கிடையாது என்பதால் கோட்டம் எடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. தம் செலவில் பந்தயத்துக்கு வருவோரிடையே மட்டும் 28 அல்லது 32 துளை அலுமினிய ரிம் இன்னும் செல்வாக்கோடு இருக்கிறது: ஒரு பாறை அதை முற்றிலும் கெடுத்துவிட்டாலும், கார்பன் சக்கரத்தின் விலையில் சிறு பங்குக்கு அதே விட்டத்தில் இன்னொன்றை வாங்கி, பழைய ஹப்பில், கம்பி நீளம் பொருந்தினால் பழைய கம்பிகளையே கோத்து, அடுத்த வாரப் பந்தயத்துக்குள் சக்கரத்தை நிமிர்த்திவிட முடிகிறது.